கைராசிக்காரர் வீட்டுப் பயறு

கம்பவுண்டருக்கு என்று ஒரு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஊசி போடுகிறவர். கைராசிக்காரர். காய்ச்சலோடு வருகிறவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, 'ஊசி கம்பவுண்டர்தானே போடுவார்?' என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் பெஞ்சில் உட்காருவார்கள்.

அவர் ஊசி போடுகிற விதமே தனி. "உங்க வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சாமே, எத்தனை?" என்று கேட்பார். ஆள் பூனைக்குட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, கேட்காமல் இருக்க முடியாத அந்த ஒரு கேள்வியைக் கேட்பார்.

"வலிச்சுதா?"

"அட, போட்டதே தெரியலைங்களே!"

இந்தப் பதிலைச் சாப்பிட்டே மனிதர் இத்தனை வருடம் உயிர் வாழ்ந்தார், சோறெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான் என்று அவர் மனைவி சொல்வாள். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பொய் வராது.

அந்தக் கை இந்த வருடம் நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளர் பிடிக்கும்போது மட்டும். பிறகு மருந்தை உறிஞ்சும்போது. ஒருநாள் இஸ்திரிக்காரம்மாவுக்குப் போட்ட ஊசி முதல் தடவை சரியாக இறங்காமல், எடுத்து மறுபடியும் குத்த வேண்டியதாகிவிட்டது. "வலிச்சுதா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். அந்த அம்மா கையைத் தேய்த்துக்கொண்டே, "வலிச்சுதுங்க," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

டாக்டரம்மா நல்லவள். கதவைச் சாத்திவிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு டோக்கன் குடுக்கிற எடத்துல உக்காருங்களேன். ஊசியை இந்த நர்ஸ் பொண்ணு பாத்துக்கட்டும். நீங்களும் எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க."

நின்று நின்று கால் வலிக்கிறது என்றுதான் மற்றவர்களிடம் கம்பவுண்டர் சொன்னார். வீட்டில் அதையும் சொல்லவில்லை. மாலை வீடு திரும்பி, கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்ததும் முன்பு மாதிரியே கதை ஆரம்பித்துவிடும். "இன்னைக்கு ஒரு வாத்தியார் வந்தாரு பாரு, ஊசியைப் பாத்ததும் மயக்கம். நான் போட்டது அவருக்கே தெரியாது." மனைவி கேட்டுக்கொள்வாள். மருமகள் தட்டை வைத்துக்கொண்டே, "அப்புறம் மாமா?" என்பாள். அவரும் அப்புறத்தைச் சொல்லுவார். பகல் முழுக்க அட்டைத் துண்டுகளை நீட்டிக்கொண்டிருந்த கை, கதையில் மட்டும் ஊசி போட்டுக்கொண்டிருந்தது.

டோக்கன் மேஜையில் உட்கார்ந்தால் டாக்டரம்மா உள்ளே பேசுவது கேட்கும். சர்க்கரைக்காரர்களிடமெல்லாம் அவள் சொல்கிற வாசகம் ஒன்றுதான்: "தினம் ஒரு பிடி முளைகட்டின பயறு சாப்பிடுங்க." அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கம்பவுண்டருக்கு ஆசை முளைத்தது. ஊசி போட முடியாத கை, பயறையாவது முளைக்க வைக்கட்டுமே என்று.

வேலை என்று வந்துவிட்டால் அவருக்குச் சுத்தம்தான் முதல். கண்ணாடி ஜாடி ஒன்றை அந்தக் காலத்தில் ஊசிகளை வேக வைப்பது போல வேக வைத்தார். மூடிக்குப் பதிலாகக் கட்ட, காயத்துக்குப் போடுகிற வலைத்துணியை வெட்டி, அதையும் வேக வைத்தார். ரப்பர் பேண்டை மட்டும் விட்டது அதன் அதிர்ஷ்டம்.

"ஏங்க, பயறு ஊறப் போடுறீங்களா, இல்ல ஆபரேஷன் பண்றீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? கடையில மூட்டையில கெடந்த பயறு. எத்தனை கை பட்டிருக்கும், எத்தனை எலி ஓடியிருக்கும்! பச்சையா திங்கிற பொருள்ல கிருமி இருக்கலாமா?"

அப்படிச் சொல்லிவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை எடுத்து பச்சைப்பயறின்மேல் கவிழ்த்தார். கை நடுங்கி, மேடையெல்லாம் சிந்தியது. கொஞ்ச நேரம் மூடி வைத்து, வடித்து, பிறகு நல்ல தண்ணீரில் ஊறப் போட்டார். மறுநாள் தண்ணீரை இறுத்து, துணி கட்டி, ஜாடியைப் பாத்திர அலமாரியில் சாய்த்துக் கவிழ்த்து வைத்தார். காலையும் மாலையும் அலசித் தண்ணீரை வடிய விட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தது. பாதி நாள் அது மறந்தும் போனது.

ஆனாலும் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் ஜாடி நிறைய முளை. வெள்ளை வெளேரென்று வால் விட்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது பயறு. கம்பவுண்டர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு டப்பாவில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டோக்கன் கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு கரண்டி. டாக்டரம்மாவும் வாயில் போட்டு மென்று, "உங்களுக்கு என்னைக்குமே கைராசிதான் கம்பவுண்டர்," என்றாள். சும்மா சொன்னதோ, மனம் தேறட்டும் என்று சொன்னதோ! அன்று மாலை அவர் பஸ் ஏறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊரே பார்க்க நடந்து வந்தார்.

அதன்பிறகு வாரம் தவறாமல் ஜாடி, வாரம் தவறாமல் டப்பா. கேட்கிறவர்களுக்கெல்லாம் செய்முறை சொல்லிக்கொடுத்தார். கொதிக்கிற தண்ணீரை மட்டும் மறந்துவிடக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். இஸ்திரிக்காரம்மா ஒருநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க செஞ்சேன். குழகுழன்னு ஆகி, வீடே நாறிப்போச்சு."

"செய்முறையைச் சொல்லித் தரலாம்மா," என்றார் கம்பவுண்டர். "கைராசியைச் சொல்லித் தர முடியுமா?"

அவளுக்கு மட்டுமில்லை, யாருக்குமே முளைக்கவில்லை. ஒருவருக்காவது முளைத்திருந்தால்தான் அவர் யோசித்திருப்பார். ஒருவருக்கும் முளைக்காததில் மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம்!

மருமகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை அளவுக்குத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கொஞ்சம் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அமைதியான பெண், அமைதியாகவே கிண்டல் செய்வாள். லாரி ஓட்டுகிற புருஷன் பாதி நாள் வெளியூரில். வருடத் தொடக்கத்தில் அவள் உண்டாகியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பிப்பதற்குள் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து அவளைக் கூட்டிவந்தது கம்பவுண்டர்தான். கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, மனைவியைச் சமையலறைக்குள் இழுத்து, "இந்த வீட்ல யாரும் அதைப் பத்தி வாயத் திறக்கக் கூடாது. அக்கம்பக்கத்துல எவளாவது 'விசேஷம் உண்டா'ன்னு கேட்டா நீயே பதில் சொல்லி அனுப்பிடு. அந்தப் பொண்ணு காதுல விழக் கூடாது," என்று சொன்னார். மனைவி அதன்படியே நடந்தாள். தொட்டில் விளம்பரம் வந்தால்கூட டிவியை அணைத்துவிடுவாள்.

சட்டம் போட்டவர் யார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா, அதாவது மருமகளின் அம்மா, மகளைப் பார்க்க வந்திருந்தாள். கையில் பழம், முகத்தில் மகளை அளவெடுக்கிற கவலை. கம்பவுண்டருக்குப் புதுக் காது ஒன்று கிடைத்துவிட்டது. சர்க்கரையில் தொடங்கி, கிருமியில் நுழைந்து, பயறில் வந்து நின்றார். "சொன்னா நம்ப மாட்டீங்க. கொண்டுவந்து காட்டுறேன் இருங்க," என்று சமையலறைக்குள் போனார்.

உள்ளே மருமகள் பாத்திரம் கழுவுகிற தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜாடியின் துணி அவிழ்ந்து கிடந்தது. அவள் கை மணிக்கட்டுவரை ஜாடிக்குள் இருந்தது. அதைத் தொடாதே என்று அவளிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். வேக வைத்த ஜாடி, வேக வைத்த துணி. அதற்குள் வெறுங்கை! சம்பந்தியம்மா முன்னால் தூக்கிக் காட்ட வேண்டிய ஜாடி வேறு. மனிதருக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அதைத் தொடாதேன்னு! எல்லாத்துக்கும் ஒரு ராசி வேணும். உன் கை பட்டா எதும்மா முளைக்கும்? ஒண்ணுமே முளைக்காது!"

கடைசி வார்த்தை வாயை விட்டு வெளியே வரும்போதே அது என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டால் பல் என்ன செய்யும்? கூடத்தில் இருந்த சம்பந்தியம்மா எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். கம்பவுண்டரின் மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதுகூட ஒரு தடவைதான் கெடும்.

"நான் பயறைச் சொன்னேன்," என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. "பயறைத்தான்மா சொன்னேன். வேற எதையும் சொல்லல."

வேறு எது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"சரிங்க மாமா," என்றாள் மருமகள். துணியைக் கட்டி, ரப்பர் பேண்டை மாட்டி, ஜாடியை அலமாரியில் சாய்த்துச் சரியாக வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை அம்மாவோடு புறப்பட்டுப் போனாள். "ரெண்டு நாள் இருந்துட்டு வரேன் அத்தை," என்று மாமியாரிடம் சொன்னாள். அவரிடமும், "வரேன் மாமா," என்று சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் அவரும் ஒரு கோபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

இரண்டு நாள் கழிந்தது. அவள் வரவில்லை. மகன் லாரியில் இருந்து இறங்கி வந்தான். அம்மா சொன்னதைக் கேட்டான். அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தோளில் இருந்த பையைக் கீழே வைக்காமலே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது கம்பவுண்டருக்கு. மனைவி பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டு மட்டும் பேசியது, 'டங்' என்று.

அவர் பயறை ஊறப் போட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கம்போல வேக வைத்து, கொதிநீர் ஊற்றி, வடித்து, கட்டிச் சாய்த்து வைத்தார். முளைக்கவில்லை. வெயில் இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். கொட்டிவிட்டு மறுபடி போட்டார். முளைக்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் வாங்கினார். இந்த முறை நேரம் தவறாமல் அலசினார்; பக்கத்திலேயே நின்று பார்த்தார். பயறு தோலுரிந்து, வழவழவென்று ஒட்டிக்கொண்டு, புளித்த நாற்றம் அடித்தது. கிளினிக்கில், "எங்க கம்பவுண்டர், பயறைக் காணோம்?" என்று கேட்டவர்களிடம், மருமகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். பயறுக்கும் மருமகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் விழித்தார்கள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கும் தெரியவில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தவர் ஜாடியை முகர்ந்து பார்த்து, "என் கைக்கே திருஷ்டி பட்டுப்போச்சு போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து மகனுடைய அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜாடி. அவருடையது போலவே இருந்தது. கழுவிக் காய்ந்திருந்தது. வாயில் அதே வலைத்துணி, அதே மாதிரி ரப்பர் பேண்டு. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க. உங்க கைராசி அவ ரூம் ஜன்னல்ல இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை.

"அவிச்ச பயறு எங்கயாவது முளைக்குமாங்க? கொதிக்கிற தண்ணிய ஊத்தினா விதை செத்துப்போகாதா? மொத தடவையே உங்க ஜாடி நாறிடுச்சு. அவ உடம்புக்குன்னு டாக்டரம்மா சொல்லி அவளும் ஒரு ஜாடி போட்டிருந்தா. காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள உங்களுதைக் கொட்டிட்டு, அவளுதை உங்க ஜாடியில போட்டு வச்சா. அதுக்கப்புறம் வாராவாரம் அதே வேலை. அன்னைக்கு அவ அம்மா வந்ததுல காலையில முடியல, அப்பத்தான் மாத்திக்கிட்டு இருந்தா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேணாம் அத்தை, மாமாவுக்கு இப்ப இது ஒண்ணுதான் இருக்கு'ன்னா." சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள், சொல்லியே தீர்த்தாள். "அவ டாக்டரம்மாவைப் பாக்கப் போனப்போ நீங்க டோக்கன் குடுக்கிற எடத்துல உக்காந்திருந்தீங்களாம். நீங்க பாத்துடக் கூடாதுன்னு வாசலோடயே திரும்பிட்டா. அப்புறம் வேற நேரத்துல போயி பாத்துட்டு வந்தா. 'மாமாவா சொல்ற வரைக்கும் நாம கேக்க வேணாம் அத்தை'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

கம்பவுண்டர் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயக்கம் போட்ட வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். இன்னொரு நாள் கதையில் ஊசிக்குப் பயந்து மேஜைக்கடியில் ஒளிந்த போலீஸ்காரர் வந்தார். இல்லாத ஆட்களுக்கு இல்லாத ஊசி போட்டு, அவர்கள் சொல்லாத 'போட்டதே தெரியலைங்க'வை அவரே சொல்லிக்கொண்ட மாலைகள் எல்லாம் வரிசையாக வந்தன. 'அப்புறம் மாமா?' என்று அவள் கேட்டது வந்தது. தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். அவர் பொய்க்கு வழி கிடைக்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்பார்களே, அது வெறும் பேச்சு. பூமி பிளக்காது, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய வெட்கத்தை அவள் இத்தனை நாள் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தாள். அவளுடைய துக்கத்தை அவர் ஒரே வரியில் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனார். நாறிப்போன ஜாடியையும் எடுத்துப் போனார். தன் வாயை இனிமேல் நம்பிப் பிரயோசனமில்லை, ஜாடியாவது பேசட்டும் என்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டார். சன்னல் பக்கத்தவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார்.

மருமகள் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு ஃபிரேமாக மாட்டி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். கடை முதலாளி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"வாங்க மாமா. உக்காருங்க," என்றாள். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அவர் உட்காரவில்லை. ஜாடியை மேஜைமேல் வைத்தார். முதலாளியும் பெரியவரும் இருப்பது தெரிந்தது. இருக்கட்டும் என்றுதான் குரலைக் குறைக்கவில்லை.

"இது என் கை செஞ்சதும்மா. எத்தனை தடவை போட்டும் ஒண்ணுகூட முளைக்கல. உங்க அத்தை எல்லாம் சொன்னா. என் கை பட்டாத்தாம்மா எதுவும் முளைக்காது. ராசி கெட்டது என் கைதான். அதைவிடக் கெட்டது என் வாயி."

பெரியவர் ஒரு ஃபிரேமை மாட்டியபடியே அப்படியே நின்றார். மருமகள் ஜாடியைப் பார்த்தாள். துணிக்கு மேலே குனிந்து, உடனே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதை வச்சுக்கிட்டா பஸ்ல வந்தீங்க?"

"ஆமாம்மா."

"யாரும் உங்களை இறக்கி விடலையா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் உதட்டோரத்திலும் ஏதோ அசைந்தது. கம்பவுண்டருக்கு அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கரையேறிவிடலாம் போலிருந்தது. தானும் சிரித்து, 'சரி கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் வந்தும் விடுவாள். வந்து, ஒன்றுமே நடக்காதது போல ஜாடியையும் அலசி வைப்பாள். தன் வலியையும் மூடி மறைத்துவிடுவாள்.

அவர் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விதான் வாயில் வந்தது.

"வலிச்சுதாம்மா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அவர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மருமகளுக்கும் தெரியும். அவள் கையில் இருந்த ஃபிரேமைக் கீழே வைத்தாள்.

"வலிச்சுது மாமா," என்றாள். "இன்னும் வலிக்குது."

'நல்லாத் தேச்சு விடும்மா, சரியாயிடும்' என்பது அடுத்து அவர் சொல்கிற வசனம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னார். மேஜைமேல் ஊன்றியிருந்த கை நடுங்கியது. கண்ணாடிக்கு அடியில் வரிசையாக இருந்த மூக்குக்கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து கிணுகிணுத்தன. மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் அதை எடுக்காமல் அப்படியே நின்றார்.